நம்பு, நம்புநாயகி: ராமேஸ்வரம் தீவில் வைக்கும் இந்தப் பெயருக்குப் பொருள் என்ன?

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். கணவருக்குச் சொந்த ஊர் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம். இருவருக்கும் வேலை பெங்களூரில். தாய்வீட்டில் பெண் குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. 'நம்பு' என்றோ 'நம்புநாயகி' என்றோ பெயர் வைக்க வேண்டும் என்று மாமியார் ஆசைப்படுகிறார். "இப்படி ஒரு பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. நம்பு, நம்பு என்று யாரோ அதட்டுகிற மாதிரி இருக்கிறது. இது தமிழ்ப் பெயர்தானா, பொருள் என்ன, வேறு யாருக்காவது இருக்கிறதா, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்ய மாட்டார்களா?" இவைதாம் அவருடைய கேள்விகள்.

ராமேஸ்வரம் தீவில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழாசிரியையாக இருந்தவள் நான். ஒரு வருடம் என் எட்டாம் வகுப்பில் நான்கு நம்பு இருந்தார்கள். பதிவேட்டைத் திறந்து "நம்பு" என்று சொல்லி மூச்சு வாங்கினால் போதும், நாலு மூலையிலிருந்தும் "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வரும். நம்புராஜன், நம்புசெல்வம், நம்புநாயகி, நம்பீஸ்வரி. வருடா வருடம் வேறு வேறு பிள்ளைகள், அதே முதல் பாதி. நம்புவேல், நம்புகுமார், நம்புமுருகன், நம்புலட்சுமி, நம்புசெல்வி என்று நான் எழுதிய பெயர்களைச் சேர்த்தால் ஒரு நோட்டு நிறையும். அதனால் உங்களுக்கு அரிதாகப் படுகிற இந்தப் பெயர் எனக்குத் தண்ணீர், உப்பு மாதிரி. ஆனால் பாம்பன் பாலத்தைத் தாண்டி மண்டபம், உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் போவதற்குள் இந்தப் பெயர் மெலிந்துவிடும். மதுரைக்குப் போனால் "என்ன பேரு சொன்னீங்க?" என்று இன்னொரு தடவை கேட்பார்கள். உங்கள் கோயம்புத்தூரில் கேட்டிருக்க வழியே இல்லை.

உங்கள் மாமியார் ஏன் இந்தப் பெயரைச் சொல்கிறார் என்பது புரிந்தால் மற்றக் கேள்விகள் பாதி தீர்ந்துவிடும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகிற வழியில் நம்புநாயகி அம்மன் கோயில் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ராமநாதசுவாமி கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடிவிட்டு, அரிச்சல்முனையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கு இந்த அம்மனைத் தெரியாது. தீவுக்காரர்களுக்கோ பெரிய கோயில் ஊருக்கெல்லாம் பொது, நம்புநாயகி சொந்த வீட்டு அம்மா. பிள்ளை இல்லாதவர்கள் வேண்டிக்கொள்வது இவளிடம். பிறந்த பிள்ளைக்கு மொட்டை போடுவது இவள் வாசலில். கடலுக்குப் போன ஆள் சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் பெண்கள் வாய்விட்டு அழைப்பதும் இவளைத்தான்.

தீவுக்கு இரண்டு பக்கம் கடல். பாக் நீரிணை பக்கம் அலை குறைந்து கிடப்பதால் அதைப் பெண்கடல் என்பார்கள். மன்னார் வளைகுடா பக்கம் எழும்பி அடிப்பதால் அது ஆண்கடல். ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதந்தான் விசைப்படகில் போகிற அப்பாக்கள் தொடர்ந்து வீட்டில் இருக்கும் காலம். எனக்குத் தெரிந்த எத்தனையோ குடும்பங்களில் மொட்டை, காதுகுத்து எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கும். போன ஆள் வருவான் என்று எண்ணிக்கொண்டே நாளைக் கழிக்கிற பெண்கள், தங்கள் அம்மனுக்கு 'நம்பு' என்ற சொல்லோடு சேர்ந்த பெயர் அமைந்ததில் வியப்பே அடைய மாட்டார்கள். "நம்புனவங்களைக் கைவிடமாட்டா, அதனாலதான் நம்புநாயகி" என்று எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். உங்கள் மாமியாரும் இதையேதான் சொல்லியிருப்பார். பேத்தி பிறக்கும்போது அவர் ஏதாவது நேர்ந்துகொண்டாரா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கம் இந்தப் பெயர் பெரும்பாலும் அப்படித்தான் வரும். நேர்த்திக்கடன் என்று தெரிந்தால் பேச்சின் திசையே மாறிவிடும்.

இனி சொல்லின் பொருள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு 'நம்பு' என்றால் நம்பிக்கை வை என்று பொருள். உங்களுக்கு அதட்டல் போலக் கேட்பதும் இதனால்தான். தொல்காப்பியர் காலத்தில் இந்தச் சொல் வேறு இடத்தில் நின்றது. சொல்லதிகாரத்து உரியியலில் "நம்பும் மேவும் நசையாகும்மே" என்று ஒரு நூற்பா. நம்பு, மேவு என்ற இரண்டு உரிச்சொற்களும் நசை என்ற பொருளைத் தரும் என்கிறார். நசை என்றால் விருப்பம், ஆசை, அன்பு. ஆக, 'நம்பு' என்பதற்கு நம் இலக்கணம் எழுதி வைத்த முதல் பொருள் விருப்பம். நம்பிக்கை என்ற பொருள் பிறகு வந்து மேலே ஏறிக்கொண்டது.

எப்படி ஏறியது என்பதற்கு உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டிய அகநானூற்று அடியே சாட்சி. "நயந்து நாம் விட்ட நன்மொழி நம்பி" என்பது அந்த அடி. தான் ஆசையோடு அனுப்பிய நல்ல சொல்லை 'நம்பி' நள்ளிரவில் வந்தவளைப் பற்றித் தலைவன் நினைத்துப் பேசுகிற இடம். இங்கே 'நம்பி' என்பதை 'விரும்பி' என்று படித்தாலும் பொருந்துகிறது, இன்றைய வழக்கில் 'நம்பிக்கை வைத்து' என்று படித்தாலும் பொருந்துகிறது. ஒருவர் சொல்லை விரும்பாமல் அந்த இருட்டில் யாரும் கிளம்ப மாட்டார்கள், நம்பாமலும் கிளம்ப மாட்டார்கள். விருப்பமும் நம்பிக்கையும் ஒரே சொல்லில் ஒட்டி நின்ற காலம் அது. வகுப்பில் இந்த அடியை நடத்தும்போது பெயரில் நம்பு இருக்கிற பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்வேன். "உங்க பேருக்கு ரெண்டாயிரம் வருசத்து அர்த்தம் ஒன்னு இருக்கு" என்பேன். அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

ஆகவே நம்புநாயகி என்றால் நம்புவதற்குரிய தலைவி என்றும் சொல்லலாம், விரும்பப்படுகிற தலைவி என்றும் சொல்லலாம். பெயரில் வரும் நம்பு கட்டளை அல்ல. தமிழில் வினையின் வேர்ச்சொல் அப்படியே பெயருக்கு முன்னால் நின்று அதைச் சிறப்பிக்கும். ஊறுகாய், சுடுசோறு, குடிநீர் என்கிறோம். சுடு என்று யாரையும் நாம் ஏவவில்லை, சுடுகின்ற சோறு என்கிறோம். இலக்கணத்தில் இதற்கு வினைத்தொகை என்று பெயர். நம்புநாயகியும் அப்படித்தான். நம்பிய நாயகி, நம்புகின்ற நாயகி, நம்பும் நாயகி என்று மூன்று காலத்தையும் தனக்குள் மறைத்து வைத்திருக்கிற பெயர். உங்கள் பாட்டி நம்பினாள், மாமியார் நம்புகிறார், பிள்ளை நம்புவாள் என்று விரித்தாலும் தவறில்லை.

தமிழ்தானா என்ற கேள்விக்கு: நம்பு தமிழ், அதில் ஐயமே வேண்டாம். கன்னடத்திலும் நம்பு என்றே சொல்கிறார்கள், நம்பிக்கைக்கு 'நம்பிகெ' என்கிறார்கள். தெலுங்கில் நம்மு, நம்மகம். ஒரே குடும்பத்துச் சொல். உங்கள் மகள் பெங்களூரில் வளரப் போகிறாள் அல்லவா? பக்கத்து வீட்டுக் கன்னடக்காரருக்கு இந்தப் பெயரை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இராது. நாயகி மட்டும் வடமொழி வழி வந்தது, நாயகன் என்பதன் பெண்பால்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம்பு என்றதும் பலரும் 'நம்பி'யைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துவார்கள். நம்பி மிகப் பழைய பெயர், பெருமைக்குரிய பெயர். சுந்தரருக்கு நம்பியாரூரர் என்று பெயர். அவரே சிவனை அடிக்கு அடி நம்பி, நம்பி என்று விளித்துப் பாடிய பதிகமும் உண்டு. திருமுறைகளைத் தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி. ராமானுஜர் நடையாய் நடந்து உபதேசம் பெற்றது திருக்கோட்டியூர் நம்பியிடம். அந்தத் திருக்கோட்டியூர் இப்போது சிவகங்கை மாவட்டம், 1985 வரை எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. திருக்குறுங்குடிப் பெருமாளுக்கும் நம்பி என்றே பெயர் என்பதால் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் நம்பிகள் நிறைய. விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணன் நாகர்கோவிலில் பிறந்தவர். ஆனால் நம்பி ஆண்மகனுக்குரிய சொல். அதற்கு இணையான பெண்பால் நங்கை. தம்பி, தங்கை என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தம்பி தங்கை, நம்பி நங்கை. 'தம்' என்ற அடியில் அந்த ஜோடி, 'நம்' என்ற அடியில் இந்த ஜோடி. நம்பி என்ற சொல் நம்பு என்ற வினையிலிருந்து வந்தது என்று சொல்வாரும் உண்டு. எனக்கு 'நம்' என்ற வழிதான் பொருத்தமாகப் படுகிறது, நங்கை என்ற துணை அதற்குக் கூடவே நிற்பதால்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் மாணவி ஒருத்தி நம்புநாயகி. ஒரு அலுவலகத்தில் யாரோ அவள் பெயரை 'நம்பி நாயகி' என்று தட்டச்சு செய்துவிட்டார்கள். 'நம்பு' என்று ஒரு பெயர் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை, தமக்குத் தெரிந்த பெயராகத் திருத்திக்கொண்டார். மதிப்பெண் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். அந்தப் பெண் கல்லூரியில் சேரும்போது அவளுடைய அப்பா தொழிலுக்குப் போகாமல் ஆறு நாள் அலைந்தார். ஒரு உகரம் இகரமானதற்கு ஆறு நாள் கூலி. இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. சான்றிதழ் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

'நம்பு' தீவோடு முடிந்துவிடுகிற சொல்லும் அல்ல. வடக்கே தொண்டிக்குப் பக்கத்தில் நம்புதாளை என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே சிவனுக்கு நம்பு ஈஸ்வரர் என்று பெயர். கச்சத்தீவில் அந்தோணியாருக்குக் கோயில் எழுப்பிய சீனிக்குப்பன் படையாச்சி அந்த ஊர்க்காரர்தான். எனவே நம்பீஸ்வரி, நம்பீஸ்வரன் என்ற பெயர்களைத் தொண்டிப் பக்கம் கேட்டால் அது எங்கள் அம்மனைத் தொட்டு வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

எங்கள் கரையில் பெயரைக் கேட்டே ஊரைச் சொல்லிவிடலாம் என்பார்கள். முழுக்க உண்மையில்லை, ஆனால் பாதி உண்மை. திருவாடானை ஆதிரெத்தினேஸ்வரர் கோயிலில் அம்பாள் பெயர் சினேகவல்லி, தமிழில் அன்பாயிரவல்லி என்றும் சொல்வார்கள். அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு அந்தப் பெயர் வரும். உத்திரகோசமங்கை பக்கம் மங்களேஸ்வரி. சாயல்குடியை ஒட்டிய மாரியூரில் அம்பாள் பவளநிறவல்லி, கடலோரத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியுமா? மாவட்டம் முழுக்க முனியசாமி. தங்கச்சிமடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பர் கோயில் இருப்பதால் கிறிஸ்தவக் குடும்பங்களில் சந்தியாகு. ஓரியூரில் 1693இல் உயிர்விட்ட அருளானந்தரை நினைத்து அருளானந்து. கீழக்கரைக்குப் போனால் சீனி என்று தொடங்கும் முஸ்லிம் பெயர்களைக் கேட்கலாம். ஷெய்கு அப்துல் காதிர் என்ற வள்ளலின் பெயரையே ஊர்வாய் சீதக்காதி ஆக்கிக்கொண்டது, 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று தமிழ்நாடே இன்றும் சொல்கிறது. எங்கள் ஊர் அப்துல் கலாம் ஐயாவின் முழுப்பெயர் அவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். அவுல் பூட்டனார் பெயர், பக்கீர் பாட்டனார் பெயர், ஜைனுலாப்தீன் தகப்பனார் பெயர். பெயருக்குள் மூன்று தலைமுறையைத் தூக்கிக்கொண்டு குடியரசுத் தலைவர் மாளிகை வரை போனார் அவர். நம்பு இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டிய பெயர்.

தீவை விட்டு அது அதிகம் வெளியே போகாததற்கும் காரணம் தெரிகிறது. ரயில் பாலம் 1914இல் வந்தது. சாலைப் பாலம் 1988இல்தான் திறந்தார்கள். அதுவரை தீவுக்கு ரயில், இல்லாவிட்டால் படகு. பெண் எடுப்பதும் கொடுப்பதும் பெரும்பாலும் தீவுக்குள்ளும் எதிர்க்கரையிலுமே நடந்தது. பெயரும் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றியது. என் அம்மா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் அந்த ஊர் போனது. பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் கொண்டுபோனது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உயிர் பிழைத்தவர்கள் ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் என்று சிதறினார்கள். எங்கள் வீட்டில் அந்தப் புயலுக்கு அடுத்த வருடம் பிறந்த என் தங்கைக்கு நம்புநாயகி என்று பெயர். ஊரும் வீடும் போய், சட்டி பானைகூட மிஞ்சாத நேரத்தில் என் பாட்டி தேர்ந்தெடுத்த பெயர் அது. "வேற எதைத்தா நம்புறது?" என்று கேட்டாராம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் இறங்கிவிடும்.

எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறை வருடந்தோறும் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறது, 5 பேருக்கும் குறைவாக வைக்கப்பட்ட பெயரை அதில் சேர்ப்பதில்லை. நம் நாட்டில் அரசு அப்படிப் பெயர்வாரியாகக் கணக்கு வெளியிடுவதில்லை. ஆகவே 'இந்தப் பெயர் இந்தியாவில் இத்தனையாவது இடம்' என்று எங்காவது போட்டிருந்தால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். என் பதிவேடுகளை வைத்து ஒரு மாற்றத்தைச் சொல்ல முடியும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிள்ளைகள் வெறும் நம்பு, நம்புநாயகி. ஓய்வு பெறும் காலத்தில் நம்புபிரியா, நம்புஹரிணி. முன்பாதி பாட்டிக்கு, பின்பாதி அம்மாவுக்கு என்று பேசி முடித்தது பார்த்தாலே தெரியும். கடைசி சில வருடங்களில் சில வீடுகளில் பதிவேட்டில் வேறு பெயர், வீட்டில் மட்டும் நம்பு. பெயர் அழியவில்லை, வாசலிலிருந்து அடுப்படிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அது வருத்தம்தான். அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் இவ்வளவு எழுதத் தோன்றியது.

இணையத்தில் தேடினால் 'நம்பு' என்று ஒரு ஜப்பானியக் குடும்பப் பெயர் முதலில் வந்து நிற்கும். 2008இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற யோயிசிரோ நம்பு அந்தப் பெயருக்கு உரியவர். அங்கே அதற்குத் தெற்குப் பகுதி என்று பொருள். நம் சொல்லுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை, ஒலி மட்டும் ஒன்று. ஆனாலும் தென்கோடித் தீவிலிருந்து வரும் பெயருக்கு இன்னொரு மொழியில் தெற்கு என்று பொருள் அமைந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் மகள் பெரியவளாகி இயற்பியல் படித்தால் சொல்லிக்கொள்ளட்டும்.

கேலிக்கு வருகிறேன். கேலி செய்வார்கள். இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். தீவில் யாரும் செய்வதில்லை, வகுப்பில் நாலு பேர் இருக்கிற பெயரை எப்படிக் கேலி செய்வது? வெளியூர்ப் பள்ளியில் "நம்பாதே", "மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்று ஏதாவது வரும். என் தங்கை மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தபோது இதெல்லாம் கேட்டவள்தான். ஆனால் முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்து நான் கண்டது இது: தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிள்ளை இரண்டு நாள் முகம் வாடும், மூன்றாம் நாள் கதை சொல்லத் தொடங்கிவிடும். தெரியாத பிள்ளைதான் பெயரை மாற்றித் தரச்சொல்லி வீட்டில் அழும். அம்மனைப் பற்றி, கடலைப் பற்றி, அப்பாவின் ஊரைப் பற்றிச் சொல்லி வளர்த்தால் போதும். நான்கு வயதுக்குள் ஒரு முறையாவது அந்தக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்துங்கள். தன் பெயரை அங்கே பெரிய எழுத்தில் பார்த்த பிள்ளையை யாரும் எளிதில் அசைக்க முடியாது.

நம்பு, நம்புநாயகி இரண்டில் எது என்று என்னைக் கேட்டால் நம்புநாயகி. 'நம்பு' என்று மட்டும் பதிந்தால் வெளியூரில் அது ஆணா பெண்ணா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள், ஏனென்றால் எங்கள் பக்கம் அது இருவருக்கும் வைக்கிற பெயர். நம்புநாயகி என்றால் அந்தக் குழப்பம் இல்லை. வினைத்தொகையின் அழகும் முழுதாக நிற்கும். கூப்பிட நம்பு, கொஞ்ச நாயகி. நம்பீஸ்வரியும் நல்ல பெயரே. மாமியாரையும் விட்டுக்கொடுக்காமல் புதுமையாகவும் இருக்கட்டும் என்று நம்பிதா, நம்பிகா என்றெல்லாம் யாராவது ஆலோசனை சொல்வார்கள். வேண்டாம். அதில் அம்மனும் இல்லை, நசையும் இல்லை. உங்களுக்கென்று ஒரு பெயர் ஆசை இருந்தால் அதைப் பின்னால் தனிச் சொல்லாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கௌரவமான சமரசம். அதை மாமியாரிடம் வெளிப்படையாகவே சொல்லலாம்: "அத்தை, உங்க பேரு முன்னாடி, என் பேரு பின்னாடி." எங்கள் ஊர்க்காரர்கள் நேராகப் பேசினால் இறங்கி வருவார்கள்.

சான்றிதழ். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெரும்பாலும் மருத்துவமனையே பதிந்துவிடும். பெயர் இல்லாமலும் பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம், அதன் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எனவே அவசரப்பட்டு எதையாவது எழுதிக் கொடுக்காதீர்கள், குடும்பத்தில் பேசி முடித்துவிட்டு எழுதுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியைக் காட்டும் சான்றாகப் பிறப்புச் சான்றிதழையே கேட்கிறார்கள். அதில் விழுகிற எழுத்துத்தான் வாழ்நாள் முழுக்கக் கூட வரும். தமிழில் நம்புநாயகி என்று இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். ஆங்கிலத்திலும் சேர்த்தே எழுதுங்கள், பிரித்தால் பாதியை அப்பா பெயர் என்று நினைத்துவிடுவார்கள். நடுவில் வரும் 'பு'வுக்கு ஆங்கிலத்தில் B போடுங்கள், P வேண்டாம். தமிழில் மகரத்துக்குப் பின் வரும் பகரம் மெலிந்துதான் ஒலிக்கும், கம்பு, அம்பு, தும்பு போல. ஆங்கிலத்தில் P போட்டால் பெங்களூரில் வாசிப்பவர் அழுத்தி உச்சரித்துச் சொல்லையே மாற்றிவிடுவார். எண்கணிதம் பார்க்கிறேன் என்று யாராவது கடைசியில் ஒரு எழுத்தைக் கூட்டச் சொன்னாலும் விட்டுவிடுங்கள். படிவத்தைக் கொடுத்தபின் அச்சடித்த தாளைக் கையில் வாங்கி, நம்பு என்ற உகரம் உகரமாகவே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். என் மாணவியின் அப்பாவை நினைத்துச் சொல்கிறேன்.

பெயர் சூட்டும் நாளில் எங்கள் பக்கம் அத்தை, அதாவது உங்கள் கணவரின் அக்காவோ தங்கையோ, தொட்டிலில் குனிந்து பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்வார். அப்போது செல்லப்பெயரைச் சொல்ல விடாதீர்கள். முழுப்பெயரையும் நிறுத்திச் சொல்லட்டும்: நம்புநாயகி, நம்புநாயகி, நம்புநாயகி. 'நம்பு, இங்கிட்டு வா' என்று கூப்பிட ஆயுள் முழுக்க நாள் இருக்கிறது.